சும்மா இருந்த பதினைந்து விநாடி

போன பௌர்ணமிக்கு முந்தின வாரம் நாலு நாள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடுமையான சண்டை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இதில் பெரிய வேடிக்கை, சண்டை போடுகிறோம் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது!

அதெப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துக்கு வாராவாரம் வருகிறவர்களுக்கு என் மொட்டைமாடிக் கிறுக்கு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... நான் ஒரு ஹாம் ரேடியோ ஆசாமி. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மாடியில் நீளமாக ஒரு கம்பியைக் கட்டி, உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. சம்பளம் கிடையாது. கைதட்டல் கிடையாது. துணி காயப்போடும் கொடியை எதற்கு அவிழ்த்தாய் என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் உண்டு.

'பேசுகிற' என்று எழுதிவிட்டேன். உண்மையில் நான் வாயே திறப்பதில்லை. இப்போதெல்லாம் டிஜிட்டல் மோடு. ரேடியோவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால், அதுவே கீச்சுக்குரலில் ஒரு ராகம் பாடும். பதினைந்து விநாடி பாட்டு. அடுத்த பதினைந்து விநாடி கப்சிப் என்று காது கொடுத்துக் கேட்கும். மறுபடி பாட்டு, மறுபடி கேட்பது. அந்தப் பாட்டுக்குள் இருக்கிற சேதி ரொம்பக் கொஞ்சம் — நீ யார், நான் யார், நீ எவ்வளவு தெளிவாகக் கேட்கிறாய். முடிந்தது. சௌக்கியமா, உங்கள் பக்கம் மழையா, எதுவும் கிடையாது.

"இதச் சொல்றதுக்கா இவ்ளோ பெரிய கம்பி?" என்பார் என் வீட்டுக்காரர். ரிடையர்டு கணக்கு வாத்தியார். என்னிடம் அவர் அடிக்கடி சொல்கிற வசனம் இன்னொன்று உண்டு. "கொஞ்ச நேரம் சும்மா இரேம்மா." கல்யாணமான புதிதில் ஆரம்பித்தார். இன்னும் நிறுத்தவில்லை.

உலகத்தில் இருக்கிற டிஜிட்டல் ஆட்கள் அத்தனை பேரும் வந்து கூடுவது ஒரு துளி இடத்தில். ரேடியோ டயலில் அது ஒரு நூல் அகலம்கூட வராது. அந்தச் சந்துக்குள் ஜப்பான்காரர், ரஷ்யாக்காரர், பிரேசில்காரர், கூடவே திருவண்ணாமலைக்காரி நான்! கம்ப்யூட்டர் திரையில் அவரவர் பாட்டு ஒரு மெல்லிய கோடாக வழிந்துகொண்டே இருக்கும். கோட்டின் மேல் கோடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே போலீஸ் கிடையாது, டோக்கன் கிடையாது. முதலில் கேள், காலி இடம் பார், அங்கே போய் உட்கார், தேவைக்கு மேல் பவர் வைக்காதே — அவ்வளவுதான் மரியாதை. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியான நாகரிகம்தான்.

சரி, சண்டைக்கு வருவோம்.

எங்கள் உலகத்தில் ஒரு கௌரவம் உண்டு. நூறு நாடுகளோடு தொடர்பு கொண்டுவிட்டால், நீங்கள் ஆள். நான் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தேன். நின்றேன் என்றால் சாதாரணமாக இல்லை, சிமென்ட் போட்டுப் பூசின மாதிரி நின்றேன். என் எளிய கம்பிக்கு எட்டுகிற நாடெல்லாம் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பதெல்லாம் எட்டாக்கை.

அப்போதுதான் செய்தி வந்தது. பசிபிக் கடலில், ஆள் அரவமே இல்லாத ஒரு பொட்டுத் தீவு. எங்கள் கணக்கில் அதுவும் தனி நாடு! அங்கே ஒரு குழு படகில் போய், கூடாரம் அடித்து, ரேடியோ வைத்துக்கொண்டு சில நாட்கள் உட்காரப் போகிறது. அதன்பிறகு மூட்டை கட்டிவிடுவார்கள். அந்தத் தீவுக்கு ஆட்கள் போவது எப்போதாவது நடக்கிற காரியம். அடுத்த குழு கிளம்பும்போது எனக்கு எழுபது தாண்டியிருக்கும். மாடிப்படி ஏற முழங்கால் சம்மதிக்குமோ என்னவோ! ஆக, இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். என் நூறாவது நாடு இதுவேதான் என்று மனசுக்குள் எழுதிவைத்துவிட்டேன்.

தீவு எங்கள் பக்கம் கேட்பது சாயங்கால நேரத்தில். விளக்கு வைக்கிற வேளைக்கு நான் ரேடியோ முன்னால் ஆஜர். தீவு முதல் பதினைந்து விநாடி பேசும். கூப்பிடுகிற நாங்கள் எல்லோரும் இரண்டாவது பதினைந்து விநாடியில் கூப்பிட வேண்டும். அது தீவுக்காரர்கள் வைத்த ஏற்பாடு. மாற்ற முடியாது.

முதல் நாள், தீவின் குரல் திரையில் மெல்லிசாகத் தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கையைத் தேய்த்துக்கொண்டு கூப்பிட உட்கார்ந்தேன். அவ்வளவுதான்... திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. மிளகாய்த்தூளைக் கொட்டின மாதிரி. தீவு போன இடம் தெரியவில்லை.

மறுநாளும் அதே வேளை. அதே சிவப்பு. அதற்கு மறுநாளும்! தீவு தெரியாவிட்டாலும் குத்துமதிப்பாகக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

யார் பார்த்த வேலை இது? எனக்குச் சந்தேகம் எழ ஒரு நிமிஷம் ஆகவில்லை. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கெஸ்ட் ஹவுஸ் இருக்கிறது. ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். அதன் முகப்பில் மணிமாறன், அதாவது அதன் முதலாளி, கலர் கலராகச் சீரியல் பல்பு தொங்கவிட்டிருக்கிறார். பொழுது சாயும்போதுதான் போடுவார். பொழுது சாயும்போதுதான் என் திரையும் சிவக்கிறது. மட்டமான சீரியல் பல்பு ரேடியோவில் இரைச்சல் கிளப்பும் என்பது எங்கள் உலகத்தில் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் என்ன ஆதாரம் வேண்டும்?

போய் நின்றேன்.

"என்னாக்கா, கரன்ட் இல்லியா உங்க வூட்ல?"

"கரன்ட் ஜாஸ்தியா இருக்கறதுதான் பிரச்சனை மணி. அந்த லைட்ட ஒரு நாலு நாளைக்கு நிறுத்திடேன். எனக்கு ஒரு தீவு வரணும்."

மணிமாறன் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தப் பகுதியில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர் எத்தனையோ விதமான பேச்சைக் கேட்டிருப்பார். கடவுள் வரணும் என்பார்கள், ஒளி வரணும் என்பார்கள். தீவு வரணும் என்று கேட்டது நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டும்.

"லைட்டு இல்லன்னா வெள்ளக்காரங்க இடம் தெரியாம தாண்டிப் பூட்றாங்கக்கா... சரி, உங்களுக்காக நிறுத்துறேன்."

நல்ல மனுஷன். நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸ் கும்மிருட்டாக நின்றது. பை சுமந்துகொண்டு வந்த ஒரு ஜோடி, கேட்டைத் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து ரூம் கேட்டது. என் திரை? அதே சிவப்பு.

அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சிவப்பை உற்றுப் பார்த்தேன். பதினைந்து விநாடி இருந்தது. பதினைந்து விநாடி இல்லை. மறுபடி இருந்தது. எங்கேயாவது சீரியல் பல்பு கடிகாரம் பார்த்து எரியுமா?

மணிமாறனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தீவு நெரிசலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த தனி இடத்தை விட்டு, எல்லோரும் வழக்கமாகக் கூடுகிற இடத்துக்கு டயலை நகர்த்தினேன். அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு கோடு. கோடா அது? தூண்! அதற்குள் ஓர் இந்திய அழைப்புக் குறி. கூடவே, எந்த வட்டாரத்திலிருந்து பேசுகிறார் என்று சொல்கிற சின்னக் குறியீடு. அதே குறியீடுதான் எனக்கும். யாரோ ஒருவர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்!

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஊரில் அண்ணாந்து பார்த்தபடி தெருவில் நடந்தால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். மலையைக் கும்பிடுகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். நான் பார்த்தது மொட்டைமாடிகளை. பக்கத்துத் தெரு முனையிலேயே கிடைத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பளபளவென்று அலுமினிய ஆன்டெனா. என் கம்பி அதன் முன்னால் கோவணம் மாதிரி. பெல்லை அடித்தேன்.

கதவைத் திறந்தது ஒரு பெண். கையில் மாவுப் பாத்திரம், முகத்தில் கடுப்பு.

"மாடில ஆன்டெனா பாத்தேம்மா. நானும் ரேடியோதான்..." என்றேன்.

"அப்பா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "உங்க ஆளு ஒருத்தங்க வந்திருக்காங்க!"

வந்தவர் சதாசிவம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் கோமதியோடு சென்னையிலிருந்து இங்கே குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். சென்னையில் ஃப்ளாட் அசோசியேஷன் அவரை ஒரு முழம் கம்பிகூடக் கட்ட விட்டதில்லை. இங்கே முழு மாடியோடு வீடு கிடைக்கவும், அந்த வாரம்தான் மனுஷர் ஆசை தீர ஆன்டெனா ஏற்றியிருந்தார். தினமும் சாயங்காலம் உட்காருகிறார். ஆனால் என்ன பிரயோஜனம்?

"ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது மேடம்! பதினஞ்சு செகண்டுக்கு ஒருக்கா ஒரே இரைச்சல். ஃப்ரிட்ஜுதான் காரணம்னு கண்டுபிடிச்சு, டெய்லி சாயங்காலம் அத நிறுத்திடறேன். அப்பவும் போகல."

"மாவு புளிச்சுப் பொங்குது," என்றாள் கோமதி, பாத்திரத்தை என் முன்னால் நீட்டி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் கெஸ்ட் ஹவுஸை இருட்டடித்தேன். அவர் ஃப்ரிட்ஜை அணைத்தார். அவருக்கு இரைச்சல் நான். எனக்கு இரைச்சல் அவர்!

விஷயம் இதுதான். அவர் முதல் பதினைந்து விநாடியில் பாடி, இரண்டாவதில் கேட்கிறார். நான் முதலாவதில் கேட்டு, இரண்டாவதில் பாடுகிறேன். வெவ்வேறு ஊராக இருந்தால் இதில் தப்பே இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தெரு என்றால்? காதோரத்தில் ஒருவர் நாதஸ்வரம் ஊதும்போது, அடுத்த ஊர்ப் புல்லாங்குழலை எப்படிக் கேட்பது? அவர் டயலில் எந்த மூலையில் உட்கார்ந்து பாடினாலும் என் ரேடியோவுக்குக் காது அடைத்துவிடும். என்னால் அவருடையதற்கும் அப்படியே. காது கேட்காதவன் என்ன செய்வான், குரலை உயர்த்துவான். அவர் பவரைக் கூட்ட, நான் பவரைக் கூட்ட... சண்டை என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

ஹாம் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிற ஊர்களில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பதினைந்து விநாடியில் பாட வேண்டும். ஒரே பதினைந்து விநாடியில் கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசு, எல்லோரும் ஒரே சமயத்தில் வாயை மூடு. கேட்க அபத்தமாக இருக்கும். செய்து பார்த்தால் சுகமாக இருக்கும்.

இதை நான் எடுத்துச் சொன்னதும் சதாசிவம் முகம் மாறிவிட்டது.

"நான் காலி இடம் பாத்துதான் மேடம் உக்காருவேன். இன்னிவரைக்கும் யார் மேலயும் ஏறி உக்காந்தது கிடையாது."

"நானும் அப்படித்தான் சார்."

"அப்ப நீங்க மாத்திக்கலாமே? நான் ஏன் மாத்தணும்?"

"நான் மாத்தினா, தீவு பேசறப்ப நானும் பேசிக்கிட்டு இருப்பேன் சார்."

"அது உங்க பிரச்சனை. சென்னைல அசோசியேஷன்காரன் சொன்னத வருஷக்கணக்கா கேட்டாச்சு. இங்கயும் வந்து ஒருத்தர் சொல்றதக் கேக்கணுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் பாருங்கள், அவர் எந்த விதியையும் மீறவில்லை. நானும் மீறவில்லை. ஒருத்தராவது அயோக்கியராக இருந்திருந்தால் சுலபமாகச் சண்டை போட்டிருக்கலாம். இரண்டு யோக்கியர்கள் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது?

கோமதிதான் வழி திறந்தாள். மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா," என்றாள். "போன பௌர்ணமி கிரிவலத்துல, பாதை பெருசா இருக்கேன்னு நாம மட்டும் எதிர்ப்பக்கமா நடந்தோமே... என்னாச்சு?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நூறடி போகல ஆன்ட்டி. அவ்ளோ ஜனம். ஒருத்தரும் திட்டலதான். ஆனா இவர் எல்லார் மேலயும் இடிச்சு, எல்லாரும் இவர் மேல இடிச்சு... செருப்புகூடப் பூட்ச்சு."

கிரிவலப் பாதையில் லட்சம் பேர் போனாலும் நெரிசலில்லாமல் நகர்வது எதனால்? அத்தனை பேரும் ஒரே பக்கமாகப் போவதால்தானே! இத்தனை வருஷம் அந்தப் பாதையோரத்தில் குடியிருந்துகொண்டு எனக்குத் தோன்றாதது, வந்து ஒரு மாதமான பெண்ணுக்குத் தோன்றிவிட்டது.

சதாசிவம் மெதுவாக, "எந்தத் தீவு?" என்றார்.

சொன்னேன்.

"என்னது! அது இப்ப ஏர்ல இருக்கா?" என்று எழுந்தே விட்டார். பாவம், மனுஷருக்கு அதுகூடக் கேட்டிருக்கவில்லை. யார் கேட்க விட்டது? நான்தான் பக்கத்துத் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தேனே.

"சரிம்மா. சேந்தே பாடுவோம்." மேடம் அம்மாவாகிவிட்டாள்.

"ஃப்ரிட்ஜு?" என்றாள் கோமதி.

"ஓடட்டும், ஓடட்டும்."

அன்று சாயங்காலம் என் திரையில் சிவப்பே இல்லை. கருநீலமாக, துடைத்துவிட்ட சிலேட் மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் மெல்லிசாகத் தீவு. கைபேசியில் சதாசிவம் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார். "கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!" மணிமாறனிடம் போய், லைட்டைப் போட்டுக்கொள்ளப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெயித்தாயிற்றா? அதுதான் இல்லை. கேட்பது ஒன்று, கேட்கப்படுவது வேறொன்று! உலகமே அந்தத் தீவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன்... தீவு யார் யாருக்கோ பதில் சொல்கிறது, எனக்குச் சொல்லவில்லை. சதாசிவத்துக்கும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் பௌர்ணமி. மறுநாள் காலை கூடாரத்தைப் பிரிக்கப் போவதாகத் தீவுக்காரர்கள் இணையத்தில் அறிவித்துவிட்டார்கள். எனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு சாயங்காலம்.

பௌர்ணமியன்று எங்கள் பகுதி எப்படியிருக்கும் என்று தெரியுமில்லையா? செங்கம் ரோடே தெரியாது. தலைகள்தான் தெரியும். காய்கறி வாங்கப் போன நான் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு போகப்பட்டு, வீட்டு வாசல் வந்தபோது நீந்தி ஒதுங்கினேன். ஓடிப்போய் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் சதாசிவம்.

தீவு இருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. கால் தானாக ஆடியது. வாய் ஏதேதோ முணுமுணுத்தது. "இங்க பாரு, இங்க பாரு, என்னப் பாரு..." தீவின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறிக்கொண்டே வந்தது. இன்னும் சற்று நேரத்தில் மறைந்துவிடும். தொண்ணூற்றொன்பதிலேயே நின்றுவிடப் போகிறேன் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மாடி அறை வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல். "கொஞ்ச நேரம் சும்மா இரேம்மா. நாற்காலியே உடையப் போவுது."

சுள்ளென்று திரும்பினேன். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

சும்மா இருந்தால்?

யோசித்துப் பாருங்கள். மற்றவர்கள் கூப்பிடுகிற அந்தப் பதினைந்து விநாடியில் நானும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாடும்போது ரேடியோவால் கேட்க முடியாதே! என்றைக்கோ பிடித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அது இன்னும் காலியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறேன். முதலில் கேள், காலி இடம் பார் என்று மேலே உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, அதே நான்தான்! ஆனால் நான் மட்டும் சும்மா இருந்து பயனில்லை. பக்கத்துத் தெருவில் சதாசிவம் பாடினால் என் காது அடைத்துவிடும். இருப்பதென்றால் இரண்டு பேரும் சும்மா இருக்க வேண்டும்.

"சார், அடுத்த சுத்துல நாம ரெண்டு பேரும் கூப்பிடாம இருக்கலாமா?"

"இப்பவா? தீவு போயிக்கிட்டே இருக்கும்மா!"

"அதனாலதான் சார்."

கைபேசியில் நாற்காலி கிரீச்சிடும் சத்தம். பிறகு, "சரி. கைய எடுத்துட்டேன்," என்றார்.

நானும் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்கு உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எதற்கு? சும்மா இருப்பதற்கு. விமானம் ஏறி வந்து, ரூம் எடுத்து, சப்பணமிட்டு உட்கார்ந்து, சும்மா இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நடுவிலேயே குடியிருக்கிற எனக்குப் பதினைந்து விநாடி சும்மா இருப்பது என்ன பாடாக இருந்தது தெரியுமா? கை பரபரத்தது.

திரையில் கூட்டம் இறங்கியது. அடேயப்பா... இத்தனை பேரா! கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. நான் இவ்வளவு நாளும் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினேன். அதன் மேல் மூன்று தடிக் கோடுகள் ஏறி உட்கார்ந்திருந்தன. அதற்கடியில் என் பரிதாபக் குரல் எப்படி வெளியே கேட்கும்? கண்ணை ஓட்டினேன். வலது கோடியில், இரண்டு கோடுகளுக்கு நடுவே, ஒரு மெல்லிய கருப்புச் சந்து. காலி!

"சார், வலப்பக்கம் கடைசில பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு." ஒரு விநாடி தயங்கினார். அவருக்கும் அதே தீவு, அதே கடைசிச் சாயங்காலம். "நீங்க போய் உக்காருங்கம்மா. உங்களுக்கு நூறாவது. நீங்க முடிச்சதும் நான் வரேன்."

போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். பதினைந்து விநாடி. இப்போது தீவின் முறை.

திரையில் ஒரு வரி மட்டும் சிவப்பாக எழுந்தது. இது மிளகாய்த்தூள் சிவப்பு இல்லை. நம்மை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் கம்ப்யூட்டர் காட்டுகிற சிவப்பு. என் அழைப்புக் குறி! தீவு என்னைக் கூப்பிடுகிறது!

கம்ப்யூட்டர் பதில் அனுப்பியது. இனித் தீவு 'கிடைத்தது' என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் கணக்கில் சேரும். தீவின் முறை வந்தது... ஒன்றுமில்லை. வெளிறிப் போயிருந்தது. மறுபடி அனுப்பினேன். கைபேசியில் சதாசிவம் மூச்சு விடுவது கேட்டது. மனுஷர் எதையும் தொடாமல் எனக்காக உட்கார்ந்திருந்தார். மறுபடி தீவின் முறை. கருநீலம்... கருநீலம்... கடைசியில், அழித்தாற்போல் ஒரு கோடு. வரி எழுந்தது.

கிடைத்தது. வாழ்த்துகள்.

"நூறு!" என்று நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் கையிலிருந்த காபி தளும்பியது. "நூறு, சார்! நூறு!" சதாசிவம், "கோமதி, அம்மா நூறு அடிச்சிட்டாங்க!" என்று அந்தப் பக்கம் கத்தினார். சரியாக அதே நேரம் கீழே ரோட்டில் ஒரு கும்பல் 'அரோகரா' என்றது. எனக்காகச் சொல்லவில்லைதான். நான் எனக்காகவே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் நினைவு வந்தது. "சார், சந்து காலி! ஓடுங்க!"

இப்போது என் முறை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார. அவர் என் இடத்துக்குப் போனார். கூப்பிட்டார். நான் சுவாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்து கைபேசியில் ஒரு விசில் சத்தம். ரிடையரான மனுஷர், பொறுப்பான தகப்பனார், விசிலடிக்கிறார்! அவர் முடித்த கையோடு தீவு மறைந்துவிட்டது.

மறுநாள் கோமதி ஒரு பாத்திரம் நிறைய இட்லி கொடுத்தனுப்பினாள். அளவாகப் புளித்த மாவு. பூப்போல இருந்தது. எங்கள் ஊரில் இன்னும் யாராவது மாடியில் கம்பி கட்டினால், முதல் சாயங்காலமே நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பெல் அடிப்பது என்று முடிவாகியிருக்கிறது. முதல் பதினைந்து விநாடி கேட்கிற நேரம், இரண்டாவது பாடுகிற நேரம். ஊர்க் கட்டுப்பாடு.

இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கா தெரியாது?

"வேணாங்க. அதச் சொல்லாதீங்க," என்றேன்.

அவர் சொல்லவில்லை... சரியாகப் பதினைந்து விநாடி.